கருவி கொடுத்தால் போதுமா?

தோட்டத்தில் ஒரு பிள்ளை மூன்று வயதாகியும் பேசவில்லை என்றால், ‘ஊமை’ என்று ஒரே சொல்லில் காரியத்தை முடித்துவிடுகிறோம். உற்றார் உறவினரைக் கூட்டி ஆசையாய்ச் சூட்டிய பெயர் பிறப்புப் பத்திரத்தோடு டிரங்குப் பெட்டிக்குள் போய்விடுகிறது. லயத்திலும் கடையிலும் கோயில் திடலிலும் ‘ஊமையன்’, ‘ஊமைச்சி’ என்பதே நிலைத்துவிடுகிறது. இப்படிப் பெயர் வாங்கிய பிள்ளைகளில் பலருக்கு நாவில் ஒரு குறையும் இல்லை. காதுதான் கேட்கவில்லை. கேட்டறியாத சொல்லை எந்த நாவும் பேசாது.

1896-ல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட காலந்தொட்டு, மலாக்கா மண்ணில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக மரம் வெட்டி வந்திருக்கிறோம். எத்தனையோ தோட்டங்கள் பின்னர் செம்பனைக் காடாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறிவிட்டன. அங்கிருந்து கிளம்பிய குடும்பங்கள் ஜாசினிலும் செங்கிலும் அலோர்காஜாவிலும் குடியேறியிருக்கின்றன. தட்டுமுட்டுச் சாமான்களோடு ‘ஊமை’ என்ற சொல்லும் லோரி ஏறி வந்துவிட்டது.

நம் தோட்டங்கள் காது கேளாதவரை வேலையிலிருந்து விரட்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மரம் வெட்டக் கண்ணும் கையும் போதும். காது கேளாத வெட்டுக்காரர் மற்றவரைவிடச் சுத்தமாகப் பட்டை எடுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அவரோடு பேச நாமே சைகைகளும் உண்டாக்கிக்கொண்டோம். கங்காணி என்றால் மீசையை முறுக்கிக் காட்டுவோம். கிராணி என்றால் காதில் பென்சில் செருகிக் காட்டுவோம். துரைக்குத் தலையில் தொப்பி. மழைக்கு விரல்களை உதிர்த்தால் போதும். இன்றைக்கு வெட்டு உண்டா இல்லையா என்று சொல்ல இவை போதுமானவை. ஆனால் ஐம்பது சைகைக்குள் ஒரு மனிதரின் வாழ்க்கை அடங்குமா? அவர் தன் பயத்தை எதைக் கொண்டு சொல்வார்? தம்பிக்கு மட்டும் ஏன் பெண் பார்த்தீர்கள் என்று எப்படிக் கேட்பார்? கேட்காமலே கிழவராகிப் போனவர்கள் நம்மிடையே உண்டு.

குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்ததும் முதல் பழி தாயின் மேல்தான் விழுகிறது. கிரகணத்தன்று வெளியே வந்தாளாம். வயிற்றுப் பிள்ளையோடு இழவு வீட்டுக்குப் போனாளாம். உண்மையான காரணங்கள் வேறு. கர்ப்பிணிக்கு ரூபெல்லா என்னும் காய்ச்சல் வந்தால் குழந்தையின் செவி பழுதாகலாம். மூளைக்காய்ச்சலும், பிறந்தவுடன் கடுமையாகி உரிய நேரத்தில் கவனிக்கப்படாத மஞ்சள் காமாலையும் காதைக் கெடுக்கும். பரம்பரையும் ஒரு காரணம். அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்று நெருங்கிய சொந்தத்தில் கட்டுவதில் இந்த வாய்ப்பு கூடுகிறது. தாய் தந்தை இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும்; இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே குறை குழந்தையிடம் வந்து சேர்ந்துவிடும். இதற்குப் பெண்ணை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த நியாயம்? உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, பிள்ளைப் பருவத்துச் செவிக்குறைகளில் 100-க்கு 60 தடுக்கக் கூடியவை. ஆகவே தடுப்பூசி அட்டையை அலட்சியமாக வைக்காதீர்கள்.

நிற்க. பெற்றோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காது கேளாத குழந்தையும் முதற் சில மாதங்கள் மற்றக் குழந்தைகளைப் போலவே ‘ங்கா’ என்று குரல் கொடுக்கும், சிரிக்கும். அதைப் பார்த்து வீட்டில் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஒரு வயதில் அம்மா என்று சொல்லவில்லையென்றால் பாட்டி குறுக்கே வந்து, “அட போடி, இவன் அப்பனே நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்” என்கிறாள். சந்தேகம் வந்தால் குழந்தையின் முதுகுப்பக்கம் பால் மங்கைத் தட்டிப் பார்க்கிறார்கள். குழந்தை திரும்பும். திரும்பியது சத்தத்தைக் கேட்டுத்தானா, பலகை அதிர்ந்ததாலா, சுவரில் நிழல் அசைந்ததாலா என்று யார் கண்டது? அதற்குள் இரண்டு வருஷம் ஓடிவிடும்.

அந்த இரண்டு வருஷந்தான் பொன்னான காலம். குழந்தையின் மூளை மொழியைப் பிடித்துக்கொள்வது முதல் மூன்று நான்கு ஆண்டுகளில். அதனால்தான் வைத்தியர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: பிறந்த 1 மாதத்துக்குள் காதைச் சோதிக்க வேண்டும், 3 மாதத்துக்குள் குறை இருக்கிறதா என்று முடிவாகத் தெரிய வேண்டும், 6 மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்கிவிட வேண்டும். தூங்கும் குழந்தைக்கே இச்சோதனையைச் செய்யலாம். ஊசி இல்லை, வலி இல்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் தானாக நடந்துவிடும் என்று நம்பி இராமல், பிரசவ ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் நாமே கேட்க வேண்டும். மாசி மகத்தன்று சன்னாசிமலை ஆண்டவருக்கு நேர்ந்துகொள்வதை நாம் தடுக்கவில்லை. நேர்ந்துகொண்ட மறுநாள் மலாக்கா பொது ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பகுதிக்கும் போய் வாருங்கள் என்றுதான் சொல்கிறோம். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதை மட்டும் கண்டிப்பாகத் தடுப்போம்.

கருவிகள் இரண்டு வகை. ஒன்று, காதுக்குப் பின்னால் மாட்டும் செவிக்கருவி. அது சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிறது. ஓரளவு கேட்கும் காதுக்கே அது உதவும். மற்றொன்று காக்ளியர் என்பது. உட்காதில் நத்தைக் கூடு போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. மெல்லிய கம்பியை அறுவை செய்து அதற்குள் செலுத்துகிறார்கள். வெளியே மாட்டும் இயந்திரம் சத்தத்தை மின்குறிகளாக மாற்றி அக்கம்பி வழியே நரம்புக்கு அனுப்புகிறது. காது கேளாத தகப்பனுக்குப் பிள்ளையாகப் பிறந்த ஆஸ்திரேலிய வைத்தியர் கிரேம் கிளார்க், மெல்பர்னில் 1978-ல் தாம் உருவாக்கிய இத்தகைய கருவியை முதன்முதலில் ஒரு மனிதருக்குப் பொருத்தினார். நம் நாட்டில் தேசியப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி 1995-ல் இச்சிகிச்சையைத் தொடங்கியது. அரசாங்கம் செலவை ஏற்று ஏழைப் பிள்ளைகளுக்குப் பொருத்தியதும் உண்டு. பல பதினாயிரம் வெள்ளி விலையுள்ள பொருள் பாட்டாளி வீட்டுப் பிள்ளையின் காதுக்கு வந்து சேர்வது சாமானிய விஷயமல்ல. அதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் கருவியை மாட்டியவுடன் பிள்ளை பேசும் என்று எதிர்பார்ப்பது, கன்று நட்ட மறுநாள் வாளியைத் தூக்கிக்கொண்டு பால் எடுக்கப் போவது போன்றது. அறுவை முடிந்து சில வாரங்களுக்குப் பிறகே கருவியை இயக்குகிறார்கள். அன்றைக்குத்தான் அப்பிள்ளையின் காது பிறக்கிறது. பிள்ளைக்கு மூன்று வயது, காதுக்கு ஒரு நாள். அதுவரை அறியாத இரைச்சல் தலைக்குள் புகுந்ததும் பல பிள்ளைகள் அழுகின்றன. இது அம்மா குரல், இது சேவல், இது கதவு என்று ஒவ்வொன்றாகப் பிரித்தறிய மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். தெளிவாகப் பேச வருஷக்கணக்கில் வேண்டும்.

செவிக்கருவியின் கதையும் இலேசானதல்ல. அதன் சிறு பேட்டரி ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் உழைக்கும். குழந்தை வளர வளரக் காதில் பொருந்தும் அச்சு தளர்ந்து போகும். சில மாதத்துக்கொரு முறை புதிதாக அச்செடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கருவி ‘கீச்’சென்று கத்தும், பிள்ளை பிடுங்கி எறியும். வேர்வையும் மழை ஈரமும் அதற்குப் பகை. இரவில் ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு தாய்க்கு நிதானமாக, அவளுக்குத் தெரிந்த பாஷையில் எடுத்துச் சொல்வாரில்லை என்றால் என்ன நடக்கும்? கருவி அலமாரிக்குப் போய்விடும். விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டுவார்கள்.

இப்போது கூலிக் கணக்குக்கு வருவோம். கிராணிமார்கள் பென்சிலை எடுத்துச் சரிபார்க்கலாம். 2025 பிப்ரவரி 1-ல் அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. பயிற்சிக்கும் கருவி சரிபார்ப்புக்கும் மாதம் இரண்டு முறை பட்டணத்துக்குப் போவதாக வையுங்கள். நியாலாசிலோ தெபோங்கிலோ இருக்கும் தாய் விடியுமுன் எழுந்து, பெரட்டை விட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் கிடைத்தால் பஸ், கிடைக்காவிட்டால் வாடகைக் கார் என்று மலாக்கா போய்ச் சேர வேண்டும். நம்பர் கூப்பிட்டு, அரைமணி நேரப் பயிற்சி முடிந்து, வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். அன்றைய வெட்டு போயிற்று. வருஷத்தில் இப்படி 24 நாள் என்றால் 1,569 வெள்ளி. ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். வண்டிச் செலவு இதில் சேரவில்லை.

வருடாந்திர விடுமுறை இருக்கிறதே என்பார்கள். 1955-ம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி இரண்டு வருஷத்துக்கும் குறைந்த சேவைக்கு 8 நாள், அடுத்து 12 நாள், ஐந்து வருஷத்துக்கு மேல் 16 நாள். பதினாறையும் கொடுத்தாலும் எட்டு நாள் துண்டு விழுகிறது. தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒரு நாளும் மிஞ்சாது. நோய் விடுப்போ தொழிலாளியின் சொந்த நோய்க்குத்தான். பிள்ளையின் காதுக்கு அல்ல. 2022-ல் திருத்தி, 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் பிரசவ விடுப்பை 98 நாளாக்கியது. தகப்பனுக்கு 7 நாள் கொடுத்தது. நல்ல காரியங்கள்தான். பிறந்தபின் பல வருஷம் ஆஸ்பத்திரிக்கு நடக்க வேண்டிய பிள்ளையைப் பற்றி அத்திருத்தம் நினைத்துப் பார்க்கவில்லை.

சலுகை ஒன்று உண்டு. அதைக் கேட்டால் சிரிப்பு வரும். செவிக்கருவி போன்ற உதவிச் சாதனம் வாங்கினால் வருமான வரிக் கணக்கில் 6,000 வெள்ளி வரை கழித்துக்கொள்ளலாம். குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் வெட்டுக்காரர் வருமான வரியே கட்டுவதில்லை. எதிலிருந்து கழிப்பது? பெரிய உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒத்தாசை லயத்துப் பிள்ளைக்கு எட்டாமல் போகிறது. சமூக நல இலாகாவில் பதிந்து ஓ.கே.யு. அட்டை வாங்கியவர்கள் கருவிக்கு உதவி கேட்டு மனுப்போடலாம். அந்தப் பாரத்தை நிரப்ப மலாய் எழுதப் படிக்க வேண்டும். பாரத்தைக் கண்டு பயந்தே பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள்.

இனி மொழிக்கு வருவோம். பணத்தைவிட இது சிக்கலானது. 1954-ல் பினாங்கு தஞ்சோங் பூங்காவில் காது கேளாதோருக்கான கூட்டரசுப் பள்ளி ஏற்பட்டது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் போய் விடுதியில் தங்கிப் படித்தார்கள். அன்றைய கொள்கை, கையை ஆட்டக் கூடாது, உதட்டைப் பார்த்துப் பேசக் கற்க வேண்டும் என்பது. 1880-ல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு சைகையை ஒதுக்கித் தீர்மானம் போட்டதிலிருந்து உலகமெங்கும் அதே பேச்சுத்தான். பிள்ளைகளோ வகுப்பில் உதட்டைப் பார்த்துவிட்டு, விடுதிக்கு வந்ததும் கையால் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் பினாங்கு சைகை மொழி. யாரும் சொல்லிக் கொடுக்காமல் பிள்ளைகளே ஆக்கிக்கொண்ட மொழி! 1970-களில் சைகையும் பேச்சும் சேர்ந்த முறை பள்ளிகளுக்குள் வந்தது. 2008-ம் ஆண்டு உடற்குறையுள்ளோர் சட்டம் மலேசியச் சைகை மொழியை ஏற்றுக்கொண்டது. மிலான் தீர்மானத்துக்காக 2010-ல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு வருத்தம் தெரிவித்தது. 130 வருஷம் பிடித்தது அந்த ஒரு வார்த்தைக்கு.

இதில் தமிழ்ப் பிள்ளையின் நிலை என்ன? வீட்டில் தமிழ். காது கேளாதோர் பள்ளியில் எழுத்து மலாய். சைகையும் வாயசைவும் மலாய்ச் சொல்லை ஒட்டியவை. கருவி பொருத்திய பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவரும் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் கொடுப்பார். தமிழில் பயிற்றுவிப்பவர் கிடைப்பது அரிது. ‘ஒரே பாஷையாகப் பேசுங்கள், இல்லாவிட்டால் குழந்தை குழம்பும்’ என்று சொல்லிவிடுகிறார்கள். தாய்க்கு வராத பாஷையில் தாய் எப்படித் தாலாட்டுவாள்? தெரிந்த நாலு மலாய்ச் சொல்லை வைத்துக்கொண்டு, மீதி நேரம் பேசாமலே இருந்துவிடுகிறாள். பிள்ளைக்குத் தேவையோ நாளெல்லாம் பேச்சு. சமைக்கும்போது, குளிப்பாட்டும்போது, சாமி கும்பிடும்போது வாய் ஓயாமல் பேச வேண்டும். தமிழ் வீட்டில் அது தமிழில்தான் முடியும். பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே ஒரு பொதுச் சொல் இல்லாத வீட்டை நாம் கண்டிருக்கிறோம். பேரன் கையால் கதை கதையாகச் சொல்கிறான். பாட்டி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுச் சோற்றைப் போடுகிறாள்.

கருவி இருக்கும்போது சைகை எதற்கு என்று சிலர் கேட்கலாம். சைகை கற்றால் பிள்ளை பேசச் சோம்பல்படும் என்று பயப்படுகிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. கருவி காதில் இருக்கும்போது அது கேட்கிறது. குளிக்கும்போதும் தூங்கும்போதும் பேட்டரி தீர்ந்தபோதும் கேட்பதில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையிடம் எங்கே வலிக்கிறது என்று நடு இரவில் கேட்க வேண்டியிருந்தால்? கருவி எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரிப் பலன் தருவதும் இல்லை. இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்துப் பார்த்து, பேச்சு வரவில்லை என்று தெரிந்தபின் சைகைக்குத் திரும்பினால், மொழி பிடிக்கும் வயது கடந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே கொடுப்போம். பிள்ளை எதை எடுத்துக்கொள்கிறதோ எடுத்துக்கொள்ளட்டும்.

இயந்திரத்துக்கு ஆயுள் உண்டு என்பதையும் மறக்கலாகாது. கேரளத்தில் 2012-ல் ‘சுருதி தரங்கம்’ என்ற பெயரில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரசாங்கச் செலவில் காக்ளியர் பொருத்தினார்கள். சில ஆண்டுகள் போனதும் வெளிக்கருவி பழுதாயிற்று. பழைய மாதிரிக்கு உதிரிச் சாமான் கிடைக்கவில்லை. புதிது வாங்கப் பணமில்லாத பெற்றோர் மீண்டும் அரசாங்கத்தின் வாசலுக்கே வந்தார்கள். பேசக் கற்ற பிள்ளை மறுபடியும் சத்தமில்லாத உலகத்துக்குப் போவது எவ்வளவு கொடுமை! கொடுப்பவர்கள் கொடுக்கும் அன்றே பத்து வருஷத்துக்கான பழுதுச் செலவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதற்கிடையே, கைத்தொலைபேசியில் வரும் விளம்பரத்தைப் பார்த்து மலிவு விலைச் ‘செவிக்கருவி’ வாங்கிப் பிள்ளைக்கு மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். காதைச் சோதிக்காமல் கண்டபடி சத்தத்தைப் பெருக்கினால் மிச்சமிருக்கும் கேள்வியும் போய்விடும். வேண்டாம்.

நம் சங்கங்களுக்கு இதில் வேலை இருக்கிறது. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சம்பளத்தோடும் போனசோடும், உடற்குறையுள்ள பிள்ளையை ஆஸ்பத்திரிக்கோ பயிற்சிக்கோ அழைத்துப் போகும் நாளுக்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு என்ற கோரிக்கையும் மேசைக்கு வர வேண்டும். வருஷத்துக்கு 24 நாள் கேட்போம், முதலாளி மார்கள் 12 என்பார்கள், பேசுவோம். இத்தகைய பிள்ளைகள் ஒரு தோட்டத்தில் எத்தனை பேர்? ஒருவர், இருவர், பல தோட்டங்களில் ஒருவருமில்லை. எந்தக் கம்பெனியும் இதனால் முழுகிவிடாது. 1967-ல் புக்கிட் அசாகான் தொழிலாளர்கள் தங்கள் குறைகளைச் சொல்லக் கோலாலம்பூர் வரைக்கும் நடந்தே போன வரலாறு இந்த மலாக்கா மாநிலத்துக்கு உண்டு. ஒரு தாய் மாதம் இருமுறை பட்டணம் போய்வர வழி கேட்பது அதைவிடப் பெரிய காரியமா?

கிளைச் செயலாளர்கள் தங்கள் பகுதியில் காது கேளாத பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வயது, அட்டை இருக்கிறதா, கருவி காதில் இருக்கிறதா அலமாரியில் இருக்கிறதா என்று ஒரு கணக்கெடுத்து வைத்தால் பேச்சு வார்த்தைக்கு அது கைகொடுக்கும். தோட்டத்துச் செக்ரோலில் வேலைக்கு வந்த ஆளின் பெயர்தான் ஏறுகிறது. இப்பிள்ளைகளின் பெயர் எதிலும் இல்லை. கிராணிமார்கள் சம்பள நாளன்று அரைமணி நேரம் ஒதுக்கி, சமூக நல இலாகாப் பாரங்களை நிரப்பிக் கொடுக்க முன்வர வேண்டும். கணக்கெடுக்கும்போது பிள்ளையின் பெயரைக் கேட்பீர்கள். அண்டை வீட்டார் ‘ஊமையன்’ என்று சொன்னால் எழுதிக்கொள்ளாமல், பிறப்புப் பத்திரத்தை எடுத்துவரச் சொல்லுங்கள்.